தையல் ஒண்ணு, போஸ்ட் ரெண்டு

அந்தக் கடையில் யாரும் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. கேட்டால் குற்றம் என்று யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனால் ஜன்னலோரம் உயரமான நாற்காலியில் கடைக்கார அத்தை உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற தைரியம் எவருக்கும் வந்ததில்லை. புதிதாக ஒரு ஆள் தெருவைத் தாண்டி வந்தால் அவள் அங்கிருந்தே ஒரு பார்வை பார்ப்பாள். நடை, தோள், கையிலிருக்கும் பை, முகத்தில் இருக்கும் பசி எல்லாவற்றையும் அந்த ஒரு பார்வையிலேயே எடை போட்டு, ஆள் படியேறுவதற்குள் உள்ளே குரல் கொடுத்துவிடுவாள். அன்றைக்கு அவள் என்ன முடிவு செய்தாளோ அதுதான் அந்த ஆளுக்கு ஆயுளுக்கும் சாப்பாடு.

உள்ளே அடுப்படியில் அவளுடைய வீட்டுக்காரர், எல்லோருக்கும் மாஸ்டர். அவருக்கும் பதார்த்தத்தின் பேர் தேவைப்பட்டதில்லை. "தையல் ஒண்ணு, போஸ்ட் ரெண்டு" என்று குரல் வந்தால் போதும். தையல் என்றால் எதிர்க்கடைத் தையல்காரர் சாப்பிடுவது, போஸ்ட் என்றால் போஸ்ட்மேன் சாப்பிடுகிற மீன். புது ஆள் யாராவது வந்து அவருக்கும் மீன்தான் என்று அத்தை முடிவு செய்தால் அவரும் உள்ளே போஸ்ட்தான், அவர் வக்கீலாகவே இருந்தாலும்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடியது. பிறகு மாஸ்டரின் வலது தோள் மக்கர் பண்ணியது. முதலில் பெரிய அண்டாவைத் தூக்க முடியவில்லை, பிறகு அகப்பையைச் சுழற்ற முடியவில்லை, கடைசியில் சட்டை போடுவதற்கே அத்தை கை கொடுக்க வேண்டியதாயிற்று. கடையை மூடுவதென்று முடிவானது. மூடி, ஒரு வாரம் வெள்ளையடித்து, அதே இடத்தில் புதுக் கடை திறப்பது மருமகள்.

மருமகள் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினொரு வருஷம் இருந்தவள். அங்கே ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும்: இன்ன கட்டில், உப்பு இல்லாமல், காரம் இல்லாமல், குழைவாக. சீட்டில்லாத தட்டு அவள் கையிலிருந்து ஒருநாளும் போனதில்லை. மாமியாரின் ஜன்னல் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றும். அதைச் சொன்னதில்லை. நல்ல மருமகள் என்று பேர் எடுத்தவள், அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை.

பழைய கடையின் கடைசி வாரத்தில் அவளுடைய வீட்டுக்காரன், பஸ் ஓட்டுகிறவன், ஒரு யோசனை சொன்னான். ஒரு அட்டைப் பெட்டியில் கத்தியால் வாய் கீறி, 'புதுக் கடையில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்று எழுதி வைத்தான். நேரில் வாய் திறக்காத ஜனம் பெட்டியைக் கண்டதும் எழுதித் தள்ளிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பிரித்தார்கள்.

"மூலை மேஜை ஆடுது, சரி பண்ணணும்," என்று பஸ்காரன் முதல் சீட்டைப் படித்தான். அடுத்ததை எடுத்துச் சிரித்தான். "மூலை மேஜையை யாரும் தொடக் கூடாது, அதை முட்டுக் கொடுக்கத்தான் நான் பேப்பரே வாங்குறேன். இதுக்கு என்ன பண்றது?"

"நாலுல ரெண்டு காலை மட்டும் சரி பண்ணு," என்றார் மாஸ்டர்.

"ரேடியோ பேச்சை யாராவது நிறுத்தணும்னு அஞ்சு சீட்டு இருக்கு. அஞ்சும் வேற வேற கையெழுத்து."

ரேடியோ என்பது ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர். தொழிலுக்காக வந்த பேர் இல்லை அது, வாய்க்காக வந்தது. அவரும் ஒரு சீட்டு போட்டிருந்தார்: கடையில் பேச்சுத் துணை போதவில்லை, கவனிக்கவும்.

இன்னொரு சீட்டில் சின்ன எழுத்தில் இருந்தது: 'குறை சொல்ல ஒரு வழி வேண்டும். இதுவரை சொன்னதில்லை. பயம்.' அத்தை அதைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினாள். ஆனால் மிச்சமிருந்த சீட்டுகள்தான் அவளைப் பதம் பார்த்தன. பாதிக்குப் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. மெனு கார்டு வேண்டும். நாங்களே பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நான் பாத்துப் பாத்துப் போட்டேன்," என்றாள் அத்தை. "யாருக்கு எது ஒத்துக்கும், யாருக்கு எது ஒத்துக்காதுன்னு. இப்ப அவங்களே பாத்துச் சொல்லணுமாம்."

"அதுக்கு இல்ல அத்தை. எல்லாக் கடையிலயும் இருக்கிறதுதானே, ஆசையா இருக்கும்," என்றாள் மருமகள்.

"இருக்கட்டும்மா. நல்லா இருக்கட்டும். நான் இனிமே அந்தப் பக்கமே வரல." அத்தை எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்த துணிகள்தான் அவை.

மருமகளுக்கு மாமியாரின் வருத்தம் ஒரு பக்கம் என்றால், மாடியில் இருக்கும் பல் டாக்டர் இன்னொரு பக்கம். கட்டடம் அவருடையது. நோயாளிகள் மாடிப்படியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் காட்டி, கீழ் அறை தனக்கே வேண்டும் என்று ரொம்ப நாளாக முனகிக்கொண்டிருந்தார். மாஸ்டர் முகத்துக்காகப் பொறுத்திருந்தவர், மருமகளிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை மதியம் இறங்கி வந்து பார்ப்பேன்மா. கூட்டம் இருந்தா நீ நடத்து, நான் குறுக்கே நிக்கல. நாற்காலி காலியா இருந்துச்சுன்னா அதுல என் ஆளுங்களை உக்கார வச்சுக்கறேன்."

ஆஸ்பத்திரியில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை. திங்கள் முதல் சனி வரை அந்த ஆறு நாள்தான் அவளுக்கு. 

திங்கட்கிழமை கடை பளபளவென்று இருந்தது. மூலை மேஜையைத் தவிர எதுவும் ஆடவில்லை. அச்சகத்தில் கொடுத்து அடித்த மெனு கார்டு ஒவ்வொரு மேஜையிலும் நின்றது. பன்னிரண்டு பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் முறையான பேர். எல்லாம் மாஸ்டரிடம் கேட்டு, பார்த்து, அதே கைப்பக்குவத்தில் செய்து பழகியவைதான். ஒன்றைக்கூட அவள் மாற்றவில்லை. பஸ்காரன் லீவு போட்டுவிட்டு, தோளில் துண்டோடு பரிமாறத் தயாராக நின்றான்.

பன்னிரண்டு அடித்ததும் முதல் ஆளாகத் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, கார்டை எடுத்து முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். மருமகள் சீட்டும் பென்சிலுமாகப் போய் நின்றாள்.

"என்ன வேணும் அண்ணே?"

"இதுல எதும்மா நான் சாப்பிடுறது?"

"நீங்கதான் சொல்லணும்."

"அதான்மா, எப்பவும் சாப்பிடுறேனே, அது."

"அது எப்படி இருக்கும்?"

தையல்காரர் யோசித்தார். "சூடா இருக்கும்," என்றார்.

பஸ்காரன் பின்னால் திரும்பிக்கொண்டு துண்டால் வாயைப் பொத்தினான். மருமகள் அவனை முறைத்துவிட்டு மறுபடி கேட்டாள். "நிறம் என்ன அண்ணே?"

"அத யாரு பாத்தா? தட்டைப் பாத்தா சாப்பிடுறோம்? நான் தெருவைப் பாத்துக்கிட்டே சாப்பிடுறவன். கடைக்கு ஆள் வந்தா எந்திரிக்கணும்ல?" கார்டில் மேலிருந்து விரலை ஓட்டினார். பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. விரலை மேலே கொண்டுபோய் முதல் வரியில் வைத்தார். "இது ஒண்ணு."

முதல் வரியில் இருந்தது கீரை சூப்.

அதற்குப் பிறகு நடந்தது இதுதான்: பின்னால் நின்ற நாலு பேரும் தையல்காரர் என்ன சொன்னார் என்று கேட்டு அதையே சொன்னார்கள். கணக்கு டீச்சர் கண்ணாடியைப் போட்டுப் பன்னிரண்டு வரியையும் படித்துவிட்டு, கடைசியில் முதல் வரியையே தொட்டார். போஸ்ட்மேன் கார்டைக் கடிதம் மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு சூப் என்றார். ரேடியோ மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதுவே ஆளைப் பயமுறுத்தியது. அச்சகத்து ஆட்களுக்கு அரை மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம். அவர்கள் உள்ளே வரும்போது சூப் அண்டா காலி. "வேற என்ன இருக்கு?" என்று கேட்டு, மருமகள் அந்தப் பதினொரு ஆட்களிடமும் கேட்டு முடிப்பதற்குள் அச்சகத்தில் மணி அடித்துவிட்டது. வெறும் வயிற்றோடு திரும்பிப் போனார்கள். பின்னால் அடுப்பில் பதினொரு பதார்த்தம் தொடாமல் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழே பேர் வந்தார்கள். ஏழு பேரும் சூப் குடித்தார்கள்.

அன்று சாயங்காலம் மருமகள் வீட்டுக்கு வந்து கைப்பையை வைத்த வேகத்தில் பாத்திர அலமாரியே அதிர்ந்தது. மாஸ்டர் தரையில் உட்கார்ந்து இடது கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அத்தை உள் அறையில் இருந்தாள். கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது.

"ஊர் முழுக்கக் கீரை சூப் குடிக்குது," என்றான் பஸ்காரன். "இப்படியே போனா எல்லாருக்கும் உடம்பு தேறிடும். உன் ஆஸ்பத்திரியைத்தான் இழுத்து மூடணும்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அழுகையா வருதுங்க. வேலையையும் விட்டுட்டேன். சனிக்கிழமை அவர் வந்து பார்த்தா நாற்காலிதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் ஓடின கடையை மருமக ஆறே நாள்ல மூடிட்டாள்னு சொல்லுவாங்க."

மாஸ்டர் பூண்டை நிறுத்தினார். "தையல் என்ன சாப்பிட்டாப்ல?"

"சூப்புதான் மாமா."

"தையலுக்குப் போய் சூப்பா?" அவருக்கு அது தாங்கவில்லை. "அந்த ஆளுக்கு உருளைக்கிழங்கைப் பால்ல வேகவச்சு மசிச்சு, மேல மிளகு போட்டு, வெங்காயத்தைச் செவக்க வறுத்துக் கொட்டணும்மா. அதான் தையல்."

"அது கார்டுல இருக்கு மாமா. ரெண்டாவது வரி. உருளைக்கிழங்கு மசியல்னு போட்டிருக்கேன்."

"அது மசியல்னு அந்த மனுஷனுக்கு எப்படிம்மா தெரியும்? எனக்கே தெரியாது."

மருமகள் அப்படியே நின்றாள். தான் எழுதிய பேர்கள் எல்லாம் கடையில் ஒருத்தருக்கும் தெரியாத பேர்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டு அவர்களுக்குத் தெரியும், ருசி தெரியும், பேர் எப்போதும் ஜன்னலோர நாற்காலியிலேயே இருந்தது. அதுவும் அந்தப் பேர் அவர்களுடைய பேராகவே இருந்தது.

"மாமா, ஒண்ணொண்ணா சொல்லுங்க," என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினாள். தையல். போஸ்ட், வறுத்த மீனும் ரொட்டியும். ரேடியோ, கொதிக்கக் கொதிக்கப் பயறு சூப், வாய் சுட்டால்தான் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று அத்தை முடிவு செய்தது. அச்சகம், முட்டை பொரித்துப் போட்ட சாதம். டாக்டர், கோழிச் சாற்றில் ஊறவைத்த ரொட்டி.

"டாக்டருக்கு ஏன் மாமா ஊறவச்சது?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பல்லு ஆடுது. ஊர்ல இருக்கற பல்லெல்லாம் பாக்குறவரு, தன் பல்லை யாருகிட்டக் காட்டுவாரு?"

"டீச்சரை விட்டுட்டீங்க," என்று ஒரு சாண் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "பீன்ஸ், தக்காளி. தக்காளி தோல் உரிச்சு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகள் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை மெனு கார்டுகளைக் காணோம். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தாள்: தையல், போஸ்ட், டீச்சர், ரேடியோ, அச்சகம், டாக்டர், இப்படிப் பன்னிரண்டு. பக்கத்திலேயே சின்னதாக, அதில் என்னென்ன இருக்கிறது என்று. சீட்டையும் பென்சிலையும் மட்டும் அவள் விடவில்லை. கேட்டுத்தான் கொடுப்பேன் என்பதில் உறுதியாக இருந்தாள்.

தையல்காரர் பலகையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தன் கடைக்குப் பலகை எழுதியபோதுகூட அவர் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. "நான் ஒண்ணு குடும்மா," என்றார்.

அடுத்து போஸ்ட்மேன் வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டுப் பலகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"போஸ்ட் ஒண்ணுதானே அண்ணே?" என்று மருமகள் எழுதப் போனாள்.

"இரும்மா," என்றார் போஸ்ட்மேன். தொண்டையைச் செருமினார். ஜன்னலோரம் பார்த்தார், நாற்காலி காலியாக இருந்தது. "எனக்குத் தையல் ஒண்ணு குடு."

"தையலா?"

"பத்தொன்பது வருஷமா பக்கத்து மேஜையில இருந்து அந்த வறுத்த வெங்காய வாசனை வருதும்மா. நான் முள்ளை எடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்." இன்னும் கிட்டே வந்தார். "எனக்கு மீனே பிடிக்காது."

பஸ்காரன் கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டான், விழுந்துவிடும் என்று.

"பத்தொன்பது வருஷமாவா?"

"முத நாள் அக்கா மீன் போட்டாங்க. அலையுற ஆளு, ஒடம்புல தெம்பு வேணும்னாங்க. அவ்வளவு அக்கறையா சொல்றவங்ககிட்ட எப்படி வேணாம்னு சொல்றது? மறுநாள் சொல்லிக்கலாம்னு பாத்தேன். பத்தொன்பது வருஷம் போயிடுச்சு."

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் போஸ்ட் கேட்டார். ரேடியோ எழுந்து நின்று, பயறு சூப் தனக்கு உயிர், ஆனால் ஆறின பிறகு வேண்டும், சூட்டினால் எத்தனையோ விஷயம் பாதியில் நின்றுபோயிருக்கிறது என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார். அச்சகத்து ஆட்கள் பதினொரு பேரும் மணியடிப்பதற்குள் சொல்லி, சாப்பிட்டு, கை கழுவிவிட்டார்கள். "எனக்கு டீச்சர் ரெண்டு" என்று ஒருத்தன் சொன்னதும், பின் மேஜையில் டீச்சர் கண்ணாடி வழியாகப் பார்த்ததும், அவன் "பீன்ஸுங்க, பீன்ஸு" என்று எழுந்து நின்றதும் அன்றைக்கு முழுக்கப் பேச்சாக இருந்தது.

வியாழக்கிழமை தையல்காரருக்கு மட்டும் ஒரு குறை. "எல்லாரும் என்னையே சாப்பிடுறாங்க. எனக்கே நான் கிடைக்க மாட்டேங்குறேன்," என்றார். பெருமை தாங்காத குறை அது. போகும்போது மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அத்தை ரெண்டு நாளா மத்தியானம் ஆனா என் கடைக்கு வந்துடுறாங்கம்மா. பட்டன் பாக்குறாங்க. ஜன்னல்கிட்ட நின்னுதான் பாக்குறாங்க. இன்னும் ஒரு பட்டனும் பிடிக்கல."

மருமகளுக்கு மனசு குழைந்தது.

சனிக்கிழமை. பன்னிரண்டரைக்கு டாக்டர் இறங்கி வந்தபோது அவருக்கு வாசலில் நிற்கத்தான் இடம் இருந்தது. ஆடுகிற மேஜையில் நாலு பேர், ஜன்னல் திட்டில் இரண்டு பேர் தட்டோடு. அவர் பலகையைப் பார்த்தார். ஆறாவது வரியில் தன்னைக் கண்டதும் அவருடைய கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மருமகளுக்குப் பக்கென்றது. இதை யோசிக்காமல் விட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே அவருடைய நோயாளிகள். "பல்லு புடுங்கினதுக்கு அப்புறம் இதைவிட ஒரு சாப்பாடு கிடையாது டாக்டர்," என்றாள் அதில் ஒரு அம்மாள். "பொருத்தமா உங்க பேரையே வச்சிருக்காங்க."

டாக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றார். கூசாமல் சொன்னார். பிறகு மருமகளிடம் திரும்பி, "மாடிப்படியில நிக்கிறவங்களை இங்க அனுப்புறேன்மா. உக்காந்த மாதிரியும் ஆச்சு, சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு. நீ நடத்து," என்றார். அவள் அடுப்படிக்குள் போய் மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். பூண்டு உரிக்கிறேன் பேர்வழி என்று மாஸ்டர் அன்று காலையிலேயே வந்துவிட்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கடை சட்டென்று அமைதியாகியிருந்தது. ரேடியோகூட நிறுத்தியிருந்தார். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு பொட்டலம் பட்டன்.

போஸ்ட்மேன் தன் தட்டை மறைக்கப் பார்த்தார். தையலை எங்கே மறைப்பது, வெங்காயம் ஊரைக் கூட்டியது. அத்தை நேராக அவர் மேஜைக்கு வந்தாள்.

"மீன் பிடிக்காதாமே?"

"அப்படி இல்லக்கா..."

"ஏன்யா சொல்லல இத்தனை வருஷமா?"

போஸ்ட்மேன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க கேக்கவே இல்லையேக்கா," என்றார்.

அத்தை கோபித்துக்கொண்டு போய்விடுவாளோ என்று மருமகள் பயந்தாள். பஸ்காரன் அவசரமாக ஜன்னலோர நாற்காலியைத் துடைத்தான். அத்தை அதைப் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலியைத் தாண்டிப் போய், மூலை மேஜையில் ஒருத்தர் எழுந்து இடம் கொடுக்க, அங்கே உட்கார்ந்தாள். மேஜை ஆடியது.

மருமகள் சீட்டும் பென்சிலுமாகப் போய் நின்றாள்.  "உங்களுக்கு என்ன வேணும் அத்தை?"

அத்தை பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பன்னிரண்டு பேரும் அவள் பேர் வைத்த ஆட்கள். அவள் பேரில் அங்கே எதுவும் இல்லை. மருமகளுக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கேட்டு எழுதினவளுக்கும் சரி, சொன்னவருக்கும் சரி, வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பட்டியல் போட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கூட்டமெல்லாம் போன பிறகு மூன்று மணிக்குச் சட்டியில் எது மிச்சமோ அதைத்தான் அத்தை இருபத்திரண்டு வருஷமும் சாப்பிட்டாள். ஒருநாள் ஆறின போஸ்ட், ஒருநாள் ஆறின டீச்சர்.

"எனக்கா?" என்றாள் அத்தை. யோசித்தாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. அச்சகத்துக்கு மணியடித்தது, அவர்கள்கூட எழுந்திருக்கவில்லை.

"பொரிச்ச முட்டை," என்றாள் கடைசியில். "ரெண்டு. மஞ்சக்கரு ஒடையாம. அது மட்டும் ஒருநாளும் மிஞ்சினதே இல்ல."

சொன்ன பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுவிட்டோமோ என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பி, "அத்தை ஒண்ணு," என்று குரல் கொடுத்தாள்.

உள்ளே மாஸ்டர், "நான் போடறேன், யாரும் தொடாதீங்க," என்றார். இடது கையால் உடைத்ததில் முதல் இரண்டும் சிதறிப் போயின. அதை ஒன்றும் பேசாமல் பஸ்காரனுக்குத் தள்ளினார். அடுத்த இரண்டும் முழுசாக விழுந்தன. அவரே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அடுப்படியை விட்டு மேஜைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அத்தை ரொட்டியைப் பிய்த்து மஞ்சள் கருவில் தொட்டு வாயில் போட்டாள். கடை முழுக்க அவள் வாயையே பார்த்தது. நிதானமாக மென்றாள், விழுங்கினாள், சூட்டோடு இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள், திருப்தியாக.